அழுத்தாத கை

ஐந்தாவது தடவையும் விசிறிகள் சுற்றின, திரை விழிக்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே வலது ஓரத்தில் மிளகாய் விதையளவு ஆரஞ்சு விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அசையாமல், சிமிட்டாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் இனி உன் பாடு என்பதுபோல. வேலுத்தாய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தே முக்கால். வாசல் பக்கம் அவள் வீட்டுக்காரர் இருளப்பன் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம், அடுப்படியில் நாத்தனார் சீனித்தாய் வெங்காயம் அரியும் சத்தம், இரண்டுக்கும் நடுவே இந்த விசிறிகளின் உஸ்ஸென்ற மூச்சு. நல்ல மூச்சுதான், திணறல் இல்லை, கரகரப்பு இல்லை. அவள் பூட்டிய விசிறிகள் அல்லவா. தோற்றுவிட்டதாக அவளுக்கு இன்னும் தோன்றவில்லை. பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது: வயர்கள் ஒன்றோடொன்று பின்னாமல், தொங்காமல், சரவெடிக்குள் திரி ஓடுகிற ஒழுங்கில் ஓரமாக ஓடி, வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தன. வெள்ளை நூலால் அவளே போட்ட முடிச்சுகள், நாலு விரற்கடைக்கு ஒன்று. கடையில் பூட்டிக் கொடுக்கிற பெட்டிகளின் உள்ளே அவள் பார்த்திருக்கிறாள். குருவிக்கூடு மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. இது ஓடாமலே போனாலும் அழகு என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே அந்த நினைப்பின் மேலே அவளுக்குக் கோபம் வந்தது. ஓடாமல் போவதாவது. கறுத்த திரையில் அவள் முகம்தான் தெரிந்தது, நெற்றியில் ஒட்டிய நரைமுடி, மூக்குத்தி, அதற்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் திருத்தங்கல் வெயில். நாற்பத்தெட்டு வயசு முகம். கம்ப்யூட்டர் பூட்டின முகம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

பாகம் பாகமாகத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது அவள்தான். கடைக்காரர் சிரித்துவிட்டார். "எக்கா, நாங்களே பூட்டித் தந்துருவோம். நீங்க வீட்டுக்குப் போயி பொத்தானைத் தட்டுனாப் போதும்." அவள் தலையாட்டவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. அடுத்தவுக மூடுனதை நம்பி நான் வேலை செஞ்சதில்ல" என்றாள், அவர் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவருக்கு அது புரிந்திருக்காது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் இருபத்திரண்டு வருசம் உட்கார்ந்தவளுக்குத்தான் அது புரியும். அடுத்த கை மூடிய காகிதக் குழாய்க்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மூடியவளுக்கு மட்டுமே தெரியும், சில நேரம் அவளுக்கும் தெரியாது. அதனால் அவளே பூட்டினாள். எட்டு மாதம் ஆலை வேன் இறக்கிவிட்ட கையோடு முகம் கழுவிக்கொண்டு டிசைன் வகுப்புக்கு ஓடினாள், பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பட்டாசு லேபிள் போடக் கற்றுக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் பூவையும் மயிலையும் போட்டுக்கொண்டிருக்க, இவள் புஸ்வாணப் பொறி எப்படிச் சிதறும், எந்த உயரத்தில் வளைந்து விழும் என்று போட்டாள். மாஸ்டர் அதைத் திரையில் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். அந்த லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் இருளப்பன் வேலை செய்கிற அச்சகத்து மேனேஜர் சொன்னார், வீட்டிலிருந்தே செய்யலாம் அம்மா, ஆனால் உங்களிடம் சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மத்தாப்புப் பெட்டி லேபிள் அனுப்புகிறேன், திங்கள் காலையில் முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை உண்டு என்று. அதே திங்கள் காலையில்தான் விடுமுறை முடிந்து ஆலையும் திறக்கிறது. நேற்று சீனித்தாய் அந்தச் சேதியோடு வந்தாள். அவளும் அதே ஆலைதான், அதே வேன்தான். "மதினி, கணக்குப்பிள்ளை கேக்கச் சொன்னாரு. ஒங்க எடத்தை வச்சிருக்கவா, வேற ஆளைப் போடவா? ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு மணிக்குள்ள சொல்லிரணுமாம். பெறகு வந்து நின்னா எடமில்லைங்காரு." ஒரு மணி. இந்தப் பெட்டி ஒரு மணிக்குள் கண்ணைத் திறந்தால் அவள் இந்த நாற்காலியில் உட்காருவாள். திறக்காவிட்டால் நாளை ஏழு மணிக்குத் தெருமுனையில் நிற்கிற வேனில், ஜன்னலோரத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நடுவில் வேறு இடம் இல்லை.

சரி, முதலிலிருந்து. சுவர் ஸ்விட்ச், போட்டிருக்கிறது. பெட்டியின் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச், அதுவும் போட்டிருக்கிறது, காலையில் அதைத்தான் மறந்திருந்தாள், கண்டுபிடித்துத் தட்டியதும் விசிறிகள் சுழன்றபோது கைகொட்டியே விட்டாள், சீனித்தாய் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்புட்டுதானா? மேசை விசிறியும் இதைத்தான செய்யுது" என்று போய்விட்டாள். திரைக்குப் போகிற வயர், இரண்டு முனையும் சரி. மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாகப் போகிற கரண்ட் வயர், நிறையப் பேர் மறந்துவிடுவார்களாம், அவள் மறக்கவில்லை. பழைய நாலணா அளவு பேட்டரியை எடுத்துத் துடைத்து நூறு எண்ணி மறுபடி வைத்தாயிற்று. மீதி இந்த விளக்கு. பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துக்கூட்டிப் படித்ததில் அது என்ன சொல்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலு விளக்குகள், நாலு பெயர்கள். எரிகிறது ரேம் என்கிற விளக்கு. ரேம் என்பது அந்த அரைச் சாண் நீளப் பச்சைப் பட்டை, பள்ளிக்கூட அடிக்கோல் மாதிரி, மதர்போர்டில் இருக்கிற நீளப் பள்ளத்தில் செங்குத்தாக நிற்க வேண்டியது. அதுதான் இதற்கு ஞாபகமாம். ஞாபகம் கிடைக்காமல் இதனால் எழுந்திருக்க முடியாதாம். மனுசருக்கு நேர்மாறு என்று அவள் நினைத்தாள். ஞாபகம் வந்துவிட்ட காலைகளில்தான் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். சரி, இன்னொரு தடவை எடுத்துப் போடலாம். எடுப்பதற்கு முன்னால் பெட்டியை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அடிகுழாயைத் தொட்டுவிட்டு வந்தாள், இரும்புக்குழாய் பூமிக்குள் நூறு அடி இறங்கியிருக்கிறது, உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரமெல்லாம் அதன் வழியே இறங்கிப் போய்விடும். வீடியோவில் பேசுகிறவர்கள் இதை ஏதோ புதுசாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்கிறார்கள். அவளுக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆலையில் நைலான் கூடாது, பருத்திச் சேலைதான், செருப்பு கூடாது, தரையை ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். இந்த அறையில் காலையிலிருந்து அவள் வெறுங்காலோடுதான் ஈரத்தில் நிற்கிறாள். "என்னத்தா, ஒவ்வொரு தடவையும் அடிகுழாயைக் கும்பிட்டுட்டு வாற" என்று இருளப்பன் கேட்டதற்கு, "நீங்களும் ஒரு தடவை தொட்டுட்டு வாங்க, புத்தி வரும்" என்று சொல்லியிருந்தாள்.

தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் அங்கேயும். மருந்து அறை வாசலில் செம்புத் தகடு அடித்திருக்கும், நூறு கைகள் தொட்டுத் தொட்டு நடுவில் மட்டும் பொன்போலப் பளபளத்துக் கிடக்கும். சுவரில் சிவப்புப் பெயிண்டில், தேய்க்காதே, இழுக்காதே, கீழே போடாதே, அழுத்தாதே. சேர்ந்த முதல் வாரம் அதைத் தூக்கத்தில் சொன்னாளாம், அப்போது புதுசாகக் கல்யாணமான இருளப்பன் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். ஒரு அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் வெளியே திறக்கிற கதவு, நடுவில் ஈரச்சாக்கு. பேச்சு கிடையாது என்று சொல்ல முடியாது, பேசுவார்கள், சிரிப்பார்கள், ஆனால் கை மட்டும் தனியாக ஒரு தூக்கத்தில் இருப்பதுபோல மெதுவாக நடந்துகொண்டிருக்கும். காகிதக் குழாயை இடது கையில் பிடித்து வலது கை இரண்டு விரலால் மருந்தை எடுத்து இறக்க வேண்டும். எங்கே இறுக்கம் தெரிகிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். நிற்பதுதான் வித்தை. இறக்குவது யாருக்கும் வரும். அவள் கை நிற்கிற இடம் மயிரிழை தப்பாது. புது ஆள் சேர்ந்தால் வேலுத்தாய் அறையில்தான் போடுவார்கள், அவள் கையைப் பார்த்தால் மற்றவள் கை தானாக அடங்கும் என்று போர்மேனே சொல்வார். இருபத்திரண்டு வருசம், அவள் அறையில் ஒரு பொறி கிடையாது. சாயங்காலம் வேனில் வரும்போது கைரேகை முழுக்க வெள்ளிப்பொடி மின்னும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சோற்றில் ஒரு மினுக்கம் வந்துவிடும், அதைத் தின்று தின்று வயிற்றுக்குள்ளேயே தீபாவளி நடக்கிறது என்று சந்தனமாரி சொல்வாள். சந்தனமாரி. வேண்டாம். பட்டையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், அது பள்ளத்தில் இருக்கிற மேட்டோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறது. இரண்டு பெருவிரலையும் இரண்டு முனையில் வைத்து இறக்கு. இறங்குகிறது. நின்றது. நேராக நிற்கிறது, ஆடவில்லை. பொத்தான். விசிறிகள். ஆரஞ்சு.

சந்தனமாரி பதினோரு வருசம் எதிரே உட்கார்ந்தவள். அதே தெரு, அதே வேன், சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கைமுட்டியால் குத்தி மூடுகிறவள், நடக்கும்போதே ஓடுகிறவள், பொறுமை என்பது வேறு யார் வீட்டிலோ இருக்கிற சாமான் என்பதுபோல வாழ்ந்தவள். ஒரு நாளைக்குப் பத்து தடவை, "அழுத்தாதடி, அழுத்தாதடி" என்று வேலுத்தாய் சொல்வாள், அவள் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு மெதுவாகச் செய்வாள். நாலு வருசத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒன்பதாம் அறையில் ஆள் குறைகிறது என்று அவளை ஒரு வாரத்துக்கு அங்கே மாற்றினார்கள். வியாழக்கிழமை. மழை பெய்து ஈரம் ஏறிக் குழாய்களெல்லாம் உப்பியிருந்தனவாம். தப்பித்தவள் ஒருத்தி ஆஸ்பத்திரியில் சொன்னாள், "இறுகிப்போச்சு, கொஞ்சம் அழுத்துறேன்னு சொன்னாக்கா. அதுதான் கடைசி." கொஞ்சம் அழுத்துகிறேன். ஏழாம் அறையில் உட்கார்ந்திருந்த வேலுத்தாய்க்கு முதலில் சத்தம் கேட்கவில்லை, காதில் ஏதோ பஞ்சு வைத்து அடைத்தாற்போல உலகம் ஒரு கணம் நின்றது, அப்புறம்தான் எல்லாம். அதைப்பற்றி நினைக்க ஒன்றும் மிச்சமில்லை, நினைத்து நினைத்துத் தேய்த்தாயிற்று. தேயாமல் கிடப்பது ஒன்றே ஒன்று. வேப்பமரத்தடிக் கம்பியில் எல்லோரும் சாப்பாட்டுப் பையை மாட்டியிருப்பார்கள். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் அழுதுகொண்டே தன் பையை எடுத்துக்கொண்டு போன பிறகு மஞ்சள் பை ஒன்று மட்டும் தொங்கியது. அதை அவள்தான் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடுத்தாள். உள்ளே சோறு கெட்டுப்போயிருக்கவில்லை. அதற்கப்புறமும் நாலு வருசம் போனாள். போகாமல்? ஆனால் கை இன்னும் லேசாகிவிட்டது. கதவை அறைந்து சாத்துவதில்லை, தேங்காயைத் தானே உடைப்பதில்லை, இருளப்பனின் சாப்பாட்டுத் தூக்கை மூடினால் மூடியதுபோலத்தான் இருக்கும், அச்சகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குழம்பு பாதி பைக்குள் ஒழுகியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் பையை அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு வருவார்.

"மதினி, பொட்டி ஏதாச்சும் பேசுச்சா?" சீனித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்தாள். "பேசும் பேசும்" என்றாள் வேலுத்தாய். "எங்க பேச. இருபது வருசம் வெடிக்கிற சாமான் செஞ்சீக, அது ஒன்னுகூட ஒங்க கையில வெடிக்கல. இப்ப எழுந்திருக்கிற சாமான் செய்றீக, அதுவும் எழுந்திருக்க மாட்டேங்குது. ஒங்க கை ராசி அப்படி." வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய்க்கொழுப்பு. போயி குழம்பைப் பாரு, அடிப்பிடிக்கும்." சீனித்தாய் போகவில்லை. விளக்கையே பார்த்தாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "நான் ஒன்னு சொன்னா கோவிக்காதீக. ஓடலைன்னா ஓடலைன்னு விட்ருங்க மதினி. அந்த ரூமுல நீங்க இல்லாட்டி எங்களை யாரு பாத்துக்குவா? நீங்க எதுக்க இருந்தா எனக்குக் கை நடுங்குறதில்ல" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இதுதான் தைத்தது. ஏளனம் தைக்கவில்லை, இதுதான். பெருமை இந்தப் பெட்டிப் பக்கம் மட்டும் இருந்தால் போதாதா, ஆலைப் பக்கமும் ஏன் இருக்க வேண்டும். அந்த அறையில் அவளைப்போல ஒருத்தி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்து நாலு வருசம் அதைச் சுமந்தாள், வேன் வளைவில் திரும்பி ஆலை வாசல் தெரிகிற ஒவ்வொரு காலையும் இறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாமா என்று தோன்ற, அதை யாரிடமும் சொல்லாமல், நான்தான் எல்லோருக்கும் தைரியம் என்று உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் ஆகாதா. மணி பதினொன்றே கால். ஒரு மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நினைத்தாள், அப்புறம் ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டதும் அது சுருங்கிவிட்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஒரு தடவை மணி அடித்ததும் துண்டித்தாள். பூட்டத் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைப்பாரே, நினைக்கட்டும், நினைக்கக் கூடாது. மறுபடி போட்டாள். "எக்கா, நான் சொன்னேன்ல" என்றுதான் அவர் ஆரம்பித்தார், அந்தக் குரலில் அந்தச் சிரிப்பின் மீதிப் பாதி இருந்தது. அவள் விளக்கைப் பற்றி மட்டும் சொன்னாள், நாலில் எது எரிகிறது, எத்தனையாவது நொடியில் எரிகிறது, எதையெல்லாம் பார்த்தாயிற்று என்று வரிசையாகச் சொன்னாள், சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது. "எல்லாம் சரியாத்தாங்கா பாத்திருக்கீக. நம்ம கடைப் பையன்களே இம்புட்டுப் பாக்க மாட்டாங்க. ரேமை நல்லா அழுத்திப் போட்டீகளா?" "போட்டேன்." "அப்ப அது செத்துருக்கும்கா. சில சமயம் வரும்போதே அப்படி வரும். இன்னைக்குக் கடை லீவு. நாளைக்குப் பத்து மணிக்கு மேல கொண்டாங்க, மாத்தித் தாரேன்." நாளைக்குப் பத்து மணி. நாளைக்குப் பத்து மணிக்கு அவள் மருந்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். போனை மேசையில் வைத்தாள், சத்தமில்லாமல் வைத்தாள், முட்டை வைப்பதுபோல. செத்திருக்கும். அப்படியென்றால் அவள் கையில் தப்பில்லை. இதில் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதியை அவளுக்குப் பிடிக்கவில்லை. தப்பு என்னுடையதாக இருந்தால் திருத்திவிடுவேன். பொருள் செத்திருந்தால் என்ன செய்வது. உண்மையிலேயே செத்திருக்கிறதா. பெட்டியை அணைத்து, பட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அடிப்பகுதியில் வரிசையாகத் தங்கப் பற்கள், ஒன்றிலும் கீறல் இல்லை, கறை இல்லை. செத்ததன் முகம் அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

அடிகுழாயைத் தொட்டுவிட்டு வந்தபோது இருளப்பன் டீ டம்ளரோடு அறைக்குள் நின்றிருந்தார். முப்பது வருசமாக அச்சு இயந்திரத்தோடு நிற்கிறவர், பெருவிரல்கள் மரக்கட்டைபோல இருக்கும், காதும் கொஞ்சம் மந்தம். "நான் ஒன்னும் சொல்லலத்தா, சும்மா பாக்கேன்" என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். பாருங்கள், எனக்கென்ன. அவள் குனிந்தாள். பள்ளத்தின் கொக்கியைத் திறந்தாள், வெட்டைப் பொருத்தினாள், பட்டையை நிறுத்தினாள், இரண்டு பெருவிரலையும் வைத்து இறக்கினாள். நின்றது. நிமிர்ந்தாள். "ஏ வேலு" என்றார் அவர். "ம்." "நீ ஏன் முகத்தை அங்கிட்டுத் திருப்புற?" "எங்க திருப்புனேன்?" "இப்பத்தான். கை அதுமேல போனதும் ஜன்னலைப் பாத்துட்ட. கண்ணையும் மூடிக்கிட்ட. முந்துன தடவையும் பேப்பருக்கு மேல பாத்தேன், அப்பவும் அப்படித்தான்." "எனக்கு ஜன்னல் பக்கம் என்ன வேலை? நீங்க பேப்பரைப் படிங்க போங்க." "படிச்சுட்டேன்த்தா. ஒன்னுமில்ல அதுல." அவளுக்கு எரிச்சலாக வந்தது. நாற்பத்தெட்டு வயசில் தன் முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவளா. பார்த்தால் போகிறது. மறுபடி பட்டையை எடுத்தாள், நிறுத்தினாள், பெருவிரல்களை வைத்தாள், இப்போது வேலை செய்கிறவளாக இல்லாமல் பக்கத்தில் நின்று தன்னையே பார்க்கிறவளாக இருந்தாள். கழுத்து திரும்பியது. அவளைக் கேட்காமல், யாரோ தாடையில் ஒரு விரலை வைத்து மெல்லத் தள்ளியதுபோல, கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது, இமை தானாக விழுந்தது. ஜன்னல். வெயில். அவள் அப்படியே நின்றாள்.

குழாயை மூடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சுவரில் அதை யாரும் எழுதவில்லை, எல்லோரும் செய்வார்கள். திருப்பிக்கொண்டால் கண்ணாவது மிஞ்சும். முதல் வருசத்தில் பழகியது, அப்புறம் பழக்கம் என்பதே மறந்து உடம்பாகிவிட்டது. அப்படியென்றால் விரலும். அவள் விரலைப் பார்த்தாள். இரண்டு பெருவிரலும் இறுக்கம் தெரிந்த இடத்தில், மயிரிழை தப்பாமல், அழகாக நின்றிருந்தன. இருபத்திரண்டு வருசம் யார் யாரோ பார்த்து வியந்த இடத்தில். கொக்கியைப் பார்த்தாள், பட்டையின் மேல் கவிய வேண்டியது ஒரு அரிசி அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து திறந்துதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தவளுக்கு எப்படித் தெரியும். அழுத்திப் போட்டீர்களா என்று கேட்டார், போட்டேன் என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் உடம்புக்கு அதுதான் அழுத்தம். வீடியோவில்கூடச் சொன்னார்கள், டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்குங்கள் என்று. கேட்டாள், கேட்டதும் காது அதைக் கீழே போட்டுவிட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று கற்றாளோ அங்கேதான் இது தொடங்குகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பெருமையா உன்னைத் தூங்க வைத்தது என்று பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும்போல இருந்தது. "கொஞ்சம் அமுக்கணும்போல" என்றாள் மெதுவாக. "அம்புட்டுதான? தள்ளு, நான் ஒரே அமுக்கு" என்று இருளப்பன் டம்ளரை வைத்துவிட்டு அந்த மரக்கட்டை விரலை நீட்டினார். "கையை எடுங்க" என்றாள். அவர் எடுத்துவிட்டார். அவள் குரல் அப்படி இருந்தது.

முகத்தைத் திருப்பக் கூடாது. முதலில் அது. தாடையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பெருவிரல்களில் எடையை இறக்கினாள், இறுக்கம் வந்தது, நில் என்றது கை, நிற்கவில்லை. மதர்போர்டு லேசாக வளைவது தெரிந்தது, வளைகிறது, உடையப் போகிறது, உடம்பில் ஒரு இடமும் சம்மதிக்கவில்லை, முதுகுத்தண்டு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது, உள்ளங்கால் ஈரத்தில் வழுக்கியது, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு கணம் தேடினாள். கொஞ்சம் அழுத்துகிறேன் என்றது ஒரு குரல், நாக்கைத் துருத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்துகொண்டு. அழுத்தாதடி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல், தோளிலிருந்து, இடுப்பிலிருந்து, தன் முழு எடையையும் இரண்டு பெருவிரலுக்குக் கொடுத்தாள். டக். கொக்கி கவிந்தது. அவள் காத்திருந்தாள். அடுத்து வரப் போவதற்காகக் காத்திருந்தாள். அடுப்படியில் குழம்பு கொதித்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் வரவில்லை. அந்தச் சத்தம் தன்னோடேயே முடிந்துபோயிருந்தது. மறு முனையில் இன்னொரு டக். அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. பெருவிரல்களில் பள்ளமாக இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும்.

பொத்தான். விசிறிகள் சுற்றின. ஆரஞ்சு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, அவள் மூச்சை விடவில்லை, எரிந்தது, அணைந்தது. பக்கத்து விளக்கு எரிந்து அணைந்தது. அதற்கடுத்தது. திரையில் இருந்த அவள் முகம் மறைந்து அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் வந்தன, வரிவரியாக, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அது தானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அவள் போட்ட பிராசசர், அவள் போட்ட விசிறி, அவள் அழுத்திய ஞாபகம், முழுசாக. எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒன்று விடவில்லை. இருளப்பன் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார், ஆறிப்போயிருந்த டீயை அவள் ஒரே மடக்கில் குடித்தாள். "என்ன சத்தமே காணோம்?" என்று வந்த சீனித்தாய் திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "எழுந்திருச்சிருச்சா?" "எழுந்திருச்சிருச்சு." சீனித்தாயின் கண் கலங்கியிருந்தது. "ஏ, எதுக்கு அழுற?" "வெங்காயம் மதினி." வெங்காயம் அரிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. சீனித்தாய், திரையைப் பார்த்தபடியே, "அப்ப கணக்குப்பிள்ளைக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். வேலுத்தாய் காலி டம்ளரை மேசையில் வைத்தாள். "வேற ஆளைப் போடச் சொல்லு" என்றாள். பிறகு, "நீயும் எம்புட்டு நாளைக்குன்னு போவ. மாஸ்டர் அடுத்த மாசம் புது வகுப்பு ஆரம்பிக்காரு" என்றாள். "எனக்கெல்லாம் எங்க வரும்" என்றாள் சீனித்தாய், ஆனால் போகாமல் நின்றாள்.

வேலுத்தாய் பொத்தானைத் தட்டிப் பெட்டியை அணைத்தாள். முதுகு ஸ்விட்ச்சையும் அணைத்தாள். விசிறிகள் மெல்ல ஓய்ந்தன. இருளப்பன் பதறிப்போய், "ஏ கிறுக்கு, ஓடுற பொட்டியை எதுக்கு அமத்துற?" என்றார். அவள் குனிந்து கொக்கியைத் திறந்து பட்டையை வெளியே எடுத்தாள். "வேலு, ஒனக்கு என்னத்தா ஆச்சு? நல்லா ஓடுறதை..." "சும்மா இருங்க, இன்னொரு தடவை அமுக்கிப் பாக்கணும்" என்றாள். பட்டையைப் பள்ளத்தில் நிறுத்தினாள். இரண்டு பெருவிரலையும் வைத்தாள். கண்ணை அகலத் திறந்து, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அழுத்தினாள், இந்தத் தடவை அவசியத்துக்கு மேலேயே அழுத்தினாள்.